வியாழனா சனியா: ஒரு வெர்ஷன் வரி வந்த வழி

1. செயலாளரின் அழைப்பு

“பிள்ளை, உங்கட ஆப் பொய் சொல்லுதோ, இல்லாட்டி அவா பொய் சொல்லுறாவோ? ரெண்டில ஒண்டைச் சொல்லுங்கோ. பின்னேரம் கூட்டம் இருக்குது.”

காலையில் கதிரையில் வந்து இருந்ததுதான், தேநீரை வாயில் வைக்கவில்லை, அழைப்பு வந்துவிட்டது. பேசியவர் விசுவமடுவுக்கு உட்பக்கமாக இருக்கும் ஒரு குளத்து விவசாயிகளின் கமக்கார அமைப்புச் செயலாளர். குளத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்குள்ளவர்களுக்கு எப்படியும் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

நான் வேலை செய்வது கிளிநொச்சியில், ஒரு இரும்புச் சாமான் கடையின் மேல்மாடியில் இருக்கும் சின்ன மென்பொருள் நிறுவனத்தில். நிரல் எழுதுவது என் வேலை இல்லை. எழுதியது ஓடாதபோது பாவனையாளர்கள் அழைப்பார்கள், அந்த அழைப்புகளுக்குப் பதில் சொல்வது என் வேலை. மற்றவர்கள் விடும் பிழைக்கு ஏச்சு வாங்கச் சம்பளம் தருகிறார்கள் என்றும் சொல்லலாம். பல வருடங்களாக இரண்டையும் ஒழுங்காக வாங்கி வருகிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: “அக்கா, எங்கட ஆப்புகளில மட்டும் ஏன் வெர்ஷன் தலைப்பிலேயே இவ்வளவு பெரிசா நிக்குது?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துவிட்டேன். எழுதி வைத்துவிட்டால் வாசிக்கச் சொல்லலாம்.

நடந்தது இதுதான். சிறுபோகத்தில், அதாவது கோடைச் சாகுபடியில், குளத்து நீர் எல்லா வயலுக்கும் போதாது. கூட்டம் வைத்து, இன்ன கிளை வாய்க்காலுக்கு இன்ன நாள் என்று முறை பிரிப்பார்கள். அந்த அட்டவணையைக் காட்டுவதுதான் எங்கள் ஆப். தன் முறை வரும் நாளில் கிளை வாய்க்காலின் வாயில் இருக்கும் பலகையைத் தூக்கித் தண்ணீர் எடுக்க வேண்டும். மற்றவர்கள் பலகையை இறக்கி வைத்திருக்க வேண்டும். அழைப்புக்கு முந்திய வியாழக்கிழமை மூன்றாம் கிளையின் பலகையை இராசாத்தி என்ற பெண் தூக்கிவிட்டார். அன்று ஐந்தாம் கிளையின் முறை. ஐந்தாம் கிளைதான் கடைசி, அங்கே கணேசலிங்கம் என்பவரின் நெல் குடலைப் பருவத்தில், கதிர் வெளிவரும் தறுவாயில் நின்றது. அவர் வரம்பில் காத்திருந்து பார்த்துவிட்டு, வாய்க்காலோடு மேலே நடந்து வந்திருக்கிறார். மூன்றாம் கிளையில் தண்ணீர் நிறைந்து ஓடுகிறது. பக்கத்தில் இராசாத்தி மண்வெட்டியோடு நிற்கிறார்.

“கையும் களவுமாப் பிடிச்சிட்டார்,” என்றார் செயலாளர். “அவா சொல்லுறா, ஆப்பில வியாழன் எண்டுதான் கிடக்குதாம். நான் என்ர போனில பார்த்தனான். சனி. கணேசண்ணையின்ரயிலும் சனி.”

எங்கள் பக்கத்தில் நகை களவு போனால் பொலிசுக்குப் போவார்கள். சிறுபோகத் தண்ணீர் களவு போனால் மண்வெட்டியோடு போவார்கள். அந்த அளவுக்குப் போகாமல் கூட்டத்தோடு நின்றது நல்லது. ஆனால் குற்றம் என்று கூட்டம் முடிவெடுத்தால், அடுத்த சிறுபோகத்தில் இராசாத்திக்குத் தண்ணீர்ப் பங்கு இல்லை. அவருக்கு இருந்தது அந்த ஒரு துண்டு வயல்தான். கணவன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

2. மூலையில் ஒரு எண் கேட்டது

அந்த ஆப்பை எழுதியவன் டிலக்சன். கெட்டிக்காரன், ஆனால் ஆட்களோடு கதைப்பதென்றால் அவனுக்குக் காய்ச்சல் வரும். வயல்வெளியில் சிக்னல் வராது என்பதால் முழு ஆப்பையும் ஒரே பக்கமாகச் செய்திருந்தான். அட்டவணையும் அதற்குள்ளேயே இருக்கும். ஒருதரம் திறந்தால் போதும், பிறகு சிக்னல் இல்லாமலும் ஓடும். சிக்னல் கிடைக்கும்போது புதியது வந்திருந்தால் தானாகவே எடுத்துக்கொள்ளும். நல்ல யோசனைதான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. மூலையில் ஒரு வெர்ஷன் எண் போடுங்கள் என்றேன். இதில் பொதுநலம் எதுவும் இல்லை. என்னை அழைக்கிறவரிடம் “உங்கட திரையில என்ன தெரியுது?” என்று கேட்டால், “பச்சையாத் தெரியுது பிள்ளை” என்பார். எந்தப் பச்சை, முந்தியதா பிந்தியதா என்று கண்டுபிடிக்கவே அரை நாள் போய்விடும். ஒரு எண் இருந்தால் வாசிக்கச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

எங்கள் முதலாளியை எல்லோரும் சேர் என்றுதான் கூப்பிடுவோம். சேருக்கு அது பிடிக்கவில்லை.

“மாலினி, சனத்துக்கு நம்பர் என்னத்துக்கு? தண்ணி எண்டைக்கு வரும் எண்டு தெரிஞ்சாக் காணும். வடிவான பக்கத்தில ஏன் ஊத்தை பிரட்டுவான்?”

“சேர், ஆர் எதைப் பார்த்துக்கொண்டிருக்கினம் எண்டு எங்களுக்குத் தெரியாமப் போகும்.”

“வெப் ஆப் தானே. சேர்வரில மாத்தினா எல்லாருக்கும் மாறும்.”

இந்தத் துறையில் இருக்கும் எல்லோரும் ஒருநாள் இந்த வசனத்தைச் சொல்லியிருப்பார்கள். சேர்வரில் மாற்றினால் எல்லோருக்கும் மாறும். ப்ரவுசர் பழையதைத் தனக்குள் பதுக்கி வைத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும், ஆளும் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வர வேண்டும். அவ்வளவும் நடந்தால் மாறும். சேரோடு வாதாடி வென்றவர்கள் எங்கள் அலுவலகத்தில் இல்லை. நான் தேநீர் குடிக்கப் போய்விட்டேன்.

போகம் தொடங்கிக் கொஞ்ச நாளில் குளத்தில் இரண்டாவது கூட்டம் நடந்தது. கடைசிக் கிளைக்கு சனிக்கிழமையில் தண்ணீர் போய்ச் சேருவதில்லை என்று கணேசலிங்கம் முறையிட்டார். மூன்றாம் கிளையின் வியாழனையும் ஐந்தாம் கிளையின் சனியையும் மாற்றிக்கொள்வதென்று முடிவானது. அன்று இராசாத்தி கூலிக்குக் கச்சான் கடலை பிடுங்கப் போயிருந்தார். டிலக்சன் அட்டவணையை மாற்றி சேர்வரில் போட்டான். குளத்தின் எஸ்.எம்.எஸ். குழுவுக்கு ஒரு செய்தியும் அனுப்பினோம். அதை எழுதிக் கொடுத்தது எங்கள் அலுவலகம்: ‘தண்ணீர் முறையில் மாற்றம் செய்யப்பட்டுள்ளது. வழக்கம்போல ஆப்பைத் திறந்து பார்க்கவும். தானாகவே மாறியிருக்கும்.’

செயலாளரின் அழைப்புக்குப் பிறகு டிலக்சன் சேர்வரைத் திறந்து பார்த்தான். மூன்றாம் கிளை, சனி. சரியாகவே இருந்தது.

“ரெண்டுபேரும் போய் எங்கட பக்கம் பிழையில்லை எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ,” என்றார் சேர். “அதுக்கு மேல ஒண்டும் கதைக்க வேண்டாம். வேலியில போற ஓணானைப் பிடிச்சு மடிக்குள்ள விடாதேங்கோ.”

எங்கள் பக்கம் பிழையில்லை என்பது அந்த நேரத்தில் உண்மைதான். அந்த உண்மையைக் கூட்டத்தில் சொன்னால் இராசாத்தி கள்ளி. மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, பரந்தன் தாண்டும்வரை அதை எப்படிச் சொல்வதென்று ஒத்திகை பார்த்தேன்.

3. கூட்டம்

கூட்டம் பொதுநோக்கு மண்டபத்தில். நாங்கள் வெள்ளனவே போய்விட்டோம். இராசாத்தி வெளியே வேப்ப மரத்தடியில் தனியாக நின்றார். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். எங்களைக் கண்டதும் கையில் இருந்த போனை நீட்டினார்.

“நீங்கள்தானே ஆப் செய்தது? பாருங்கோ. நான் ஒண்டையும் அமத்தேல்லை, மாத்தேல்லை. குழுவில செய்தி வந்தது. உடன திறந்து பார்த்தனான். எனக்கு மாறேல்லை. அப்ப வேற ஆருக்கோ மாறியிருக்குதாக்கும் எண்டு நினைச்சன்.”

டிலக்சன் போனை வாங்கிப் பார்த்தான். அதே பச்சைத் தலைப்பு, அதே எழுத்து. மூன்றாம் கிளை, வியாழன். திரையைக் கீழே இழுத்து, மேலே முகவரி வரும் இடத்தைப் பார்த்தான். எங்கள் தளத்தின் முகவரி அங்கே இல்லை. அவருடைய போனுக்குள் இருக்கும் ஒரு ஃபைலின் பெயர் இருந்தது. டிலக்சனின் முகம் வெளிறிவிட்டது.

“அக்கா, இதை லிங்கில திறந்தனீங்களா, ஆரும் அனுப்பினதா?”

“கடையில வச்சு அனுப்பினது தம்பி. என்ர போனில டேட்டா இல்லை. புளூடூத்தில அனுப்பித் தந்தவை. பாட்டு அனுப்புற மாதிரித்தான்.”

குளக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை இருக்கிறது. போகத் தொடக்கத்தில் அங்கே வைத்து, டேட்டா உள்ள ஒருவர் பக்கத்தைத் திறந்து சேமித்து, டேட்டா இல்லாதவர்களுக்கு அனுப்பியிருக்கிறார். அவர்கள் மற்றவர்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒரே ஃபைலில் எல்லாம் இருந்ததால் அழகாக ஓடியிருக்கிறது. டிலக்சனின் நல்ல யோசனையை, எங்கள் சனத்தின் பகிர்ந்துண்ணும் குணம் ஒரு கை பார்த்துவிட்டது. அப்படிப் போன ஃபைல் சேர்வரைத் தேடி வராது. தானாக மாறவே மாறாது.

“அப்ப நான் பிழையில்லைத்தானே தம்பி?” என்று இராசாத்தி கேட்டார்.  நான்தான் சொன்னேன், நீங்கள் பிழையில்லை என்று. சொல்வது சுலபம். உள்ளே இருக்கிறவர்கள் நம்ப வேண்டுமே.

நம்பவில்லை. கணேசலிங்கம் எழுந்து நின்று கத்தினார். “செய்தி எல்லாருக்கும் போனது. அவாவும் பார்த்தவா. பழசை வச்சுக்கொண்டு வேணுமெண்டு காட்டுறா. கள்ளி! என்ர நெல்லு பால் பிடிக்காமப் போகப் போகுது.” பின்னால் இருந்து யாரோ, “மலைநாட்டில இருந்து வந்த ஆக்களுக்கு வாய்க்கால் முறை எங்க தெரியப்போகுது” என்றார். இராசாத்தியின் பெற்றோர்தான் மலையகத் தோட்டங்களில் இருந்து வந்தவர்கள், அவர் பிறந்ததே கிளிநொச்சியில். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஆனால் நான் அங்கே போனது கோபப்படுவதற்கு இல்லை என்று வாயை மூடிக்கொண்டேன்.

செயலாளர் எங்களைப் பார்த்தார். “சொல்லுங்கோ பிள்ளை. ஆப்பில என்ன கிடக்குது?”

அப்போது டிலக்சன் என் காதுக்குள் ஒரு விஷயம் சொன்னான். எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. “அக்கா, மாறினது ரெண்டே ரெண்டு வரிதான். மற்ற மூண்டு கிளையும் பழசை வச்சிருந்தாலும் அவைக்குத் தெரிய வராது. எல்லாரையும் மூண்டாம் கிளையைப் பார்க்கச் சொல்லுங்கோ.”

நான் எழுந்து, எல்லோரையும் போனை எடுத்து ஆப்பைத் திறக்கச் சொன்னேன். “உங்கட கிளையைப் பார்க்க வேண்டாம். மூண்டாம் கிளையை மட்டும் பாருங்கோ. என்ன நாள் கிடக்குது எண்டு ஒவ்வொருத்தரா வாசியுங்கோ.”

முதல் வரிசையில் இருந்த பெரியவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். “வியாழன்,” என்றார். பக்கத்தில் இருந்தவர், “சனி.” அடுத்தவர், “வியாழன்.” அவருக்கு அடுத்தவரும் வியாழன். பிறகு ஒரு சனி. மலைநாட்டைப் பற்றிச் சொன்னவரின் முறை வந்தது. அவர் போனைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். “எனக்கும் வியாழன்தான் காட்டுது,” என்றார், மிகவும் சின்னக் குரலில்.

மண்டபத்தில் பாதிப்பேருக்கு மேல் பழையதை வைத்திருந்தார்கள். தங்கள் கிளையின் நாள் மாறாததால் ஒருவருக்கும் அது தெரியவில்லை. ஐந்தாம் கிளைக்காரர்கள் அந்த இரண்டாவது கூட்டத்துக்குப் போயிருந்ததால் மாற்றம் அவர்களுக்கு வாய்வழியாகவே தெரியும். மூன்றாம் கிளையில் அந்தப் போகம் விதைத்தவர்கள் மூன்றே பேர், பலகை இராசாத்தியின் வயலோரம் இருப்பதால் தூக்குவது எப்போதும் அவர்தான், மற்ற இருவரும் அதை அவரிடமே விட்டிருந்தார்கள். பழைய அட்டவணை இத்தனை பேரிடம் இருந்தது, அகப்பட்டது அவர் ஒருவர்.

“உங்களுக்கு இதை ஆர் அக்கா அனுப்பினது?” என்று செயலாளர் கேட்டார்.

இராசாத்தி கணேசலிங்கத்தைப் பார்த்தார். சொல்லாமல் விட்டாலும் விடுவார் என்று நினைத்தேன். “கணேசண்ணைதான்,” என்றார். “கடையில எல்லாருக்கும் அவர்தான் அனுப்பினவர். நல்லதுக்குத்தானே அனுப்பினவர்.”

கணேசலிங்கத்துக்கு முகம் கறுத்துப் போயிற்று. ஆனால் மனிதர் உட்காரவில்லை, நின்றபடியே கேட்டார். “சரி. அவா களவெடுக்கேல்லை. அப்ப என்ர நெல்லுக்கு ஆர் பதில்?”

நியாயமான கேள்வி. அவருடைய வயல் காய்ந்தது உண்மை. சேர் சொல்லிவிட்ட வசனம் என் நாக்கில் இருந்தது. அதை நான் சொல்லுவதற்குள் டிலக்சன் எழுந்துவிட்டான். கீழே பார்த்தபடி சொன்னான்: “பிழை எங்கட. தானா மாறும் எண்டு நாங்கள்தான் எழுதினது. இது பழசா புதுசா எண்டு பார்க்கிறதுக்கு நாங்கள் ஒண்டும் வைக்கேல்லை.”

 பிறகு இராசாத்தி எழுந்தார். “வாற சனி என்ர முறை. அதை அண்ணை எடுக்கட்டும். வியாழன் நான் எடுத்ததுதானே.” செயலாளர் மற்ற இரண்டு மூன்றாம் கிளைக்காரரையும் பார்த்தார். அவர்களும் தலையாட்டினார்கள். கணேசலிங்கம் வெளியே போனார். சனிக்கிழமை தண்ணீர் எடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நெல் முழுதாகப் பிழைக்கவில்லை, ஒரு பக்கம் பதராகிவிட்டது.

4. பழசும் புதுசும்

அடுத்த நாள் சேரிடம் நடந்ததைச் சொன்னோம். பிழை எங்கட என்று டிலக்சன் சொன்ன இடம் வந்ததும், நான் மேசையைப் பார்த்துக்கொண்டேன். சேர் முழுவதையும் கேட்டு முடித்தார். பிறகு, “பெரிசாப் போடுங்கோ,” என்றார். அவ்வளவுதான். நான் போகத்துக்கு முன்னரே கேட்ட எண் அந்த இரண்டு சொல்லில் கிடைத்தது. சந்தோஷப்பட வேண்டிய இடம், ஆனால் சந்தோஷம் வரவில்லை.

டிலக்சன் முதலில் 1.0.1 என்று தலைப்புக்குக் கீழே கையால் எழுதினான். அடுத்த தடவை ஒரு சின்னத் திருத்தம் செய்தபோது எண்ணை மாற்ற மறந்துவிட்டான். இரண்டு வேறு பக்கங்கள் ஒரே எண்ணோடு வெளியே போயின. எண்ணே இல்லாததைவிட அது மோசம், பொய்யான எண்ணை எல்லோரும் நம்புவார்கள். அதற்குப் பிறகு கை வைப்பதை விட்டுவிட்டான். பில்ட் செய்யும் நேரத்தில், அதாவது நிரலை வெளியிடத் தயாராக்கும்போது, கணினியே தேதியையும் எண்ணையும் பக்கத்துக்குள் அச்சடித்துவிடும். இன்றும் அப்படித்தான். புதிதாக வந்தவர்கள் தயவுசெய்து அந்த வரியைக் கையால் தொடாதீர்கள்.

அதை செயலாளருக்குக் காட்டினோம். “ஒண்டு புள்ளி சைபர் புள்ளி ரெண்டை வச்சு நான் என்ன செய்யிறது பிள்ளை? எந்தக் கூட்டத்தில முடிவானது எண்டு போடுங்கோ,” என்றார். சரிதான். எங்களுக்கு வேண்டியது பில்ட் எண், அவர்களுக்கு வேண்டியது கூட்டத்தின் தேதி. இப்போது இரண்டும் நிற்கிறது: மேலே பெரிதாகக் கூட்டமும் தேதியும், கீழே சின்ன எழுத்தில் பில்ட் எண். எனக்கு வரும் அழைப்புகளில் பாதி, அந்தச் சின்ன எழுத்தை வாசிக்கச் சொன்னதும் முடிந்துவிடுகிறது.

இதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். டிலக்சன் முடியவில்லை என்றான்.

“அக்கா, திரும்பவும் ஆரோ ஃபைலா அனுப்பினா? அந்த ஃபைல் தான் எப்ப பிறந்தது எண்டு சொல்லும். தனக்குப் பிறகு ஒண்டு பிறந்திட்டுது எண்டு சொல்லாது. பழசுக்குத் தான் பழசெண்டு தெரியாது.”

“அப்ப என்ன செய்யிறது?”

“இன்னொரு போனைக் கேக்க வேணும்.”

இதற்கு நிரலில் முழு மருந்து இல்லை. போகம் முடிந்ததும் அட்டவணையை மறைத்துவிடும்படி செய்தான், அதற்கு மேல் முடியவில்லை. மிச்சத்தைக் குளத்துக்காரர்கள் செய்தார்கள். பலகை தூக்குகிறவர், தூக்குவதற்கு முன்னர் கடைசிக் கிளையில் ஒருவரை அழைத்து, தலைப்பில் இருக்கும் வரியை வாசிக்க வேண்டும். அவரும் தன் போனில் இருப்பதை வாசிக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் தூக்கலாம். ஒன்றாக இல்லாவிட்டால் செயலாளரைக் கேட்க வேண்டும். சிக்னல் இல்லாத வயல்காரர் குளக்கட்டில் ஏறி நின்று அழைப்பார்கள்.

அடுத்த சிறுபோகத்தில் வேறு அலுவலாக அந்தப் பக்கம் போனபோது, காலையில் குளக்கட்டில் இராசாத்தியைக் கண்டேன். அவருக்குப் பங்கு கிடைத்திருந்தது, வயல் விதைத்திருந்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்.

“முதலாம் கூட்டம்,” என்று சொல்லித் தேதியை வாசித்தார். மறுபக்கத்தில் ஓர் ஆண் குரல் அதையே திருப்பி வாசித்தது. “ஓம், அதுதான்,” என்றார் இராசாத்தி. வைத்துவிட்டார்.

“கணேசண்ணையோ?” என்று கேட்டேன்.

“ஓம் பிள்ளை.”

“இப்ப கதைக்கிறவரே?”

“இவ்வளவும்தான் கதை. முந்தி கோயிலடியில கண்டாலும் நிண்டு விசாரிப்பார். இப்ப இந்தத் தேதி மட்டும்தான். மன்னிப்புக் கேக்கேல்லை. நானும் கேக்கச் சொல்லேல்லை.” கட்டிலிருந்து இறங்கிப் பலகைப் பக்கம் நடந்தார். “ஆனா ஒரு நாளும் எடுக்காம விடமாட்டார். முதல் மணியிலேயே எடுத்திடுவார்.”

வெர்ஷன் என்பது பிழை திருத்துகிறவர்களின் வசதிக்கு என்றுதான் உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். நானும் என் வசதிக்காகத்தான் கேட்டேன். இப்போது நீங்கள் ஒரு பக்கத்தை முடித்து என்னிடம் காட்ட வரும்போது நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான், அது இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன். பிழையான பக்கத்தை மறுநாளே திருத்திப் போடலாம். ஒரு மனுஷியை ஊர்க்கூட்டத்தில் வைத்துக் கள்ளி என்று சொன்னதைத் திருத்திப் போட எங்களிடம் எந்த பில்ட்டும் இல்லை.